பனி படியாத பானெட்

இங்கே எஸ்டேட் என்றால் தேயிலை இல்லை,
முதுகு நீண்ட கார்.
பின்சீட்டுக்கு அப்பாலும் ஓர் அறை மிச்சமிருக்கும்.
அதில் நாய் படுக்கலாம்,
இல்லையென்றால் செல்லோ படுக்கலாம்.
எங்களுக்கு இரண்டும் படுத்தாக வேண்டும்.

ரூரி டீசல் என்றான்.
மேடு ஏறும்போது எருது மாதிரி இழுக்கும்,
ஒரே டேங்கில் உல்லாப்பூல் போய்த் திரும்பலாம் என்றான்.
கடைசியாக எப்போது போனோம் என்றேன்.
போவோம் என்றான்.

பள்ளிக்கூடம் இரண்டு மைல்.
நான் வேலை பார்க்கும் மருந்துக்கடை மூன்று.
வியாழக்கிழமை செல்லோ வகுப்பு, அதுவும் கூப்பிடு தூரம்.
எங்கள் வாழ்க்கை முழுவதையும்
எஞ்சின் சூடேறும் முன்பே ஓட்டி முடித்துவிடுகிறோம்.

டீசலின் வயிற்றில் ஒரு வடிகட்டி உண்டு.
கரியை வெளியே விடாமல் அடக்கி வைத்திருந்து
நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் விட்டால்தான்
எரித்துத் தீர்க்கும்.
குட்டிக்குட்டி ஓட்டமாகவே ஓடினால்
ஒருநாள் மூச்சடைத்து நின்றுவிடும்.
படித்துக் காட்டினேன்.
பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவன்
திரும்பாமல்,
பாவம் என்றான்.
யாரை என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை, எல்கின்.
பூஜ்யத்துக்குக் கீழே மூன்று.
தெருவில் நின்ற அத்தனை கார்களும்
மாவில் புரட்டியதுபோல் வெளுத்திருக்க,
ஒன்றின் பானெட் மட்டும்
கறுத்துப் பளபளத்தது.
அதுதான் டீசல்.
‘ராத்திரி முழுக்க எடுக்கவே இல்லை’ என்றார் ஃபார்க்கர்.
கையுறையைக் கழற்றி
குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல்
உள்ளங்கையை வைத்தேன்.
பொய் கதகதப்பாக இருந்தது.
சர்வீஸ் புத்தகத்தில் ஒன்பது வருட முத்திரைகள்,
ஒன்பதும் ஒரே நீல மை,
ஒரே சாய்வு.
ரூரி அதை மூடி
இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான்,
இரங்கல் சொல்பவன் மாதிரி.

ஃபாரஸில் ஊனா கெடிஸ்
நாங்கள் கேட்பதற்குமுன் ஆரம்பித்துவிட்டாள்:
‘பெட்ரோல்தான், ஆனால் எண்ணெயும் குடிக்கும்.
ஆயிரம் மைலுக்கு அரை லிட்டர்.
பின் வைப்பர் செத்துப் பல நாளாகிறது.
இடது பின்கதவு உள்ளிருந்து திறக்காது.
சரிசெய்ய மனசு வரவில்லை,
என் மகன் ஓடுகிற காரில் கதவைத் திறக்கிற ஜாதி.’
பிஸ்கட் டின் நிறைய ரசீதுகள்.
டைமிங் செயின் மாற்றியது, கிளட்ச் மாற்றியது,
ஒன்றில் காப்பிக்கறை, ஒன்றில் பல் பதிந்த தடம்.
நடுவில் ஒரு வருடம் மட்டும் காலி.
‘அந்த வருஷம் விவாகரத்து’ என்றாள்,
வேறொரு உதிரிபாகத்தின் பெயரைச் சொல்வதுபோல்.

சாவியைத் திருப்பியதும்
குளிர்ந்த எஞ்சின் இருமிவிட்டு எழுந்தது.
இருமட்டும். இந்தக் குளிரில் யார்தான் இருமாமல் எழுகிறார்கள்?
மிர்ரன் தன் செல்லோவைக் குறுக்காகப் படுக்கவைத்தாள்.
நாய் ஏற மறுத்தது.
தூக்கித்தான் வைக்க வேண்டியிருந்தது.
வைத்ததும் பெட்டிமேல் தாடையை ஊன்றிக்கொண்டு
எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

விலையில் இருநூறு பவுண்ட் குறைத்தாள்.
முடிச்சு விழுந்தது.
பணம் போய்ச் சேர்ந்ததும்
ஒரு டப்பா எண்ணெயையும் கொடுத்தாள்,
பாதி தீர்ந்தது.

திரும்பும் வழியில் முதல் மேட்டிலேயே
கியரைக் குறைக்க வேண்டி வந்தது.
டீசலாக இருந்தால், என்று ரூரி வாயெடுத்து
மிச்சத்தை விழுங்கினான்.
நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
ஜெயித்தவள் முகத்தை
அந்த நேரத்தில் அவனுக்குக் காட்டக் கூடாது.

நேர்ன் வந்தது.
எங்கள் தெருமுனை வந்தது,
விளக்குக் கம்பமும்
பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டியும் வந்து
போயே போய்விட்டன.
‘அப்பா, வீடு!’ என்றாள் மிர்ரன்.
அவன் மேற்கே பார்த்து ஓட்டினான்.

‘எண்ணெய் எவ்வளவு குடிக்கிறதென்று
பார்க்க வேண்டாமா?’ என்றான்.

பின்னால் அந்த டப்பா உருண்டு
செல்லோவில் முட்டியது.
உள்ளே ஏதோ ஒரு தந்தி
வெகுநேரம் முனகிக்கொண்டே வந்தது.